சங்கீத வாத்தியார் எப்படிக் குதிரைப்படை ஜெனரல் ஆனார்? பெஞ்சமின் கிரியர்சன் பற்றி ஒரு பதில்

கேள்வி இதுதான்: "ராணுவப் பயிற்சியே இல்லாத, குதிரை என்றாலே ஆகாத ஓர் இசை ஆசிரியர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெரிய குதிரைப்படை ஜெனரலாக இருந்தார் என்று படித்தேன். இது உண்மையா, கட்டிவிட்ட கதையா? உண்மையென்றால் கஸ்டர், ஷெரிடன் அளவுக்கு இவர் பெயர் ஏன் பரவவில்லை?"

பெயரை நீங்கள் சொல்லவில்லை. ஆனால் இந்த அடையாளங்கள் பெஞ்சமின் ஹென்றி கிரியர்சன் ஒருவருக்குத்தான் பொருந்தும். உங்கள் முதல் கேள்விக்குச் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு இடம் வேண்டும், ஏனென்றால் நீங்கள் உண்மையில் கேட்பது ஒரு மனிதருக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு ஏன் கிடைக்கவில்லை என்பதை. நான் ஒரு கலைக் கல்லூரியில் 26 வருடம் வரலாறு நடத்தினேன். முதுகலை வகுப்பில் அமெரிக்க வரலாற்றுத் தாள் பெரும்பாலும் என்னிடம்தான் வரும். கிரியர்சனை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைபடம் போட்டு நடத்தியிருக்கிறேன். போர்க்களம் பார்த்தவன் இல்லை நான், குதிரை ஏறியதும் இல்லை. அச்சில் வந்த அறிக்கைகளையும் கடிதங்களையும் படித்த வாசகனாகத்தான் பேசுகிறேன்.

கிரியர்சன் 1826 ஜூலை 8 அன்று பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். வளர்ந்தது ஒஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுனில். எட்டு வயதில் ஒரு குதிரை அவர் முகத்தில் உதைத்துவிட்டது. கொஞ்ச காலம் கண் தெரியாமலே கிடந்தார், தழும்பு கடைசி வரை போகவில்லை. இது உறுதியான செய்தி. இதிலிருந்து "குதிரையை வெறுத்தார்" என்று தாண்டுவதுதான் பிற்காலத்தவர் சேர்த்த மசாலா. குதிரைப்படைக்குப் போக அவருக்கு விருப்பம் இருக்கவில்லை, காலாட்படையில்தான் சேர நினைத்தார் என்பது வரை சரி. ஜெனரல் ஹாலெக் அவரைப் பார்த்து, ஒல்லியாக, துடிப்பாக இருக்கிறாய், குதிரைப்படைக்கு ஏற்ற ஆள் என்று சொல்லி அனுப்பிவிட்டதாக ஒரு கதை உண்டு. நடந்திருக்கலாம், ஆனால் அதன் மேல் பெரிதாக எதையும் கட்ட முடியாது. குதிரையை வெறுத்தவர் முப்பது வருடம் சேணத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார், டெக்சஸில் பண்ணை நிலமும் வாங்கியிருக்க மாட்டார்.

இசை ஆசிரியர் என்பது முழு உண்மை. பல வாத்தியங்கள் வாசிப்பார், பேண்ட் குழு நடத்தினார், இல்லினாய் மாநிலத்தின் ஜாக்சன்வில் ஊரில் பாட்டும் வாத்தியமும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1854இல் ஆலிஸ் கிர்க்கை மணந்தார். சங்கீதத்தில் வரும் காசு குடும்பத்துக்குப் பற்றாது என்று பக்கத்திலிருந்த மெரிடோசியா ஊரில் கூட்டாகக் கடை வைத்தார். 1857இல் நாடு முழுவதும் வந்த பண நெருக்கடியில் அதுவும் நொடித்துப்போனது. போர் தொடங்கிய 1861இல் அவருக்கு வயது 34, கையில் கடன், ராணுவ அனுபவம் சுத்தமாக இல்லை. லிங்கனின் கட்சிக்காக ஊரில் வேலை பார்த்தவர் என்பதால், ஜெனரல் பிரெண்டிஸின் உதவியாளராகச் சம்பளமே இல்லாமல் சேர்ந்தார். அந்த வருடக் கடைசியில் 6ஆம் இல்லினாய் குதிரைப்படையில் மேஜர், 1862 ஏப்ரலில் அதே படையின் கர்னல்.

ஒரு பேண்ட் நடத்துபவருக்கு என்ன தெரியும்? பலவிதமான ஆட்களை ஒரே தாளத்துக்குக் கொண்டுவரத் தெரியும். யார் எப்போது நுழைய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று கணக்கு வைக்கத் தெரியும். இதை நான் வகுப்பில் சொல்லும்போது சில மாணவர்கள் அலங்காரப் பேச்சு என்று நினைப்பார்கள். 1863 ஏப்ரலில் நடந்ததை வரிசையாகச் சொன்ன பிறகு யாரும் அப்படி நினைப்பதில்லை.

நிலைமையை முதலில் சொல்கிறேன். மிசிசிப்பி ஆற்றின் மேட்டுக் கரையில் விக்ஸ்பர்க் கோட்டை, தென் மாநிலங்களின் கையில். அது விழுந்தால் ஆறு முழுக்க வடக்கின் வசம், தெற்கு இரண்டு துண்டு. வடக்கின் தளபதி கிராண்ட் பல மாதம் முயன்றும் நெருங்க முடியவில்லை. கடைசியில் படையை ஆற்றின் மேற்குக் கரை வழியாகத் தெற்கே நடத்திப்போய், கோட்டைக்குக் கீழே ஆற்றைக் கடப்பது என்று முடிவு செய்தார். ஆற்றைக் கடக்கும் நேரம்தான் எந்தப் படைக்கும் ஆபத்தான நேரம். எதிரியின் கண் அப்போது வேறு பக்கம் இருக்க வேண்டும். அந்த வேலையில் ஒரு பெரிய பங்கு கிரியர்சனுக்கு வந்தது.

ஏப்ரல் 17 அன்று டென்னசியின் லா கிரேஞ்சிலிருந்து 1,700 பேருடன் புறப்பட்டார். 6ஆம், 7ஆம் இல்லினாய் படைகள், 2ஆம் அயோவா படை, இவற்றோடு ஆறு சின்னப் பீரங்கிகள். ஒவ்வொருவனுக்கும் 5 நாள் உணவு, அதைப் 10 நாள் ஓட்ட வேண்டும் என்று கட்டளை. கிரியர்சனிடம் மடித்து வைக்கும் ஒரு மிசிசிப்பி வரைபடமும் திசைகாட்டியும் ஒரு மோர்சிங்கும் இருந்ததாக எழுதுகிறார்கள். ஆம், நம் கச்சேரியில் வாசிக்கும் அதே குடும்பத்துக் கருவிதான்.

இனி அவர் செய்ததைப் பாருங்கள். நான்காவது நாள் காலையில், காய்ச்சல்காரர்கள், களைத்தவர்கள், நொண்டும் குதிரைகள் என்று 175 பேரைப் பிரித்து வந்த வழியே திருப்பி அனுப்பினார். காய்ச்சல் மருந்தின் பெயரால் 'கொய்னா படை' என்று அவர்களுக்குப் பட்டப் பெயர். அவர்கள் சாலையில் கால் தடத்தை அழுத்தமாகப் பதித்துக்கொண்டு போனதால், மொத்தப் படையும் திரும்பிவிட்டது என்று பார்ப்பவர்கள் நினைக்க வேண்டும். மறுநாள் கர்னல் எட்வர்ட் ஹேட்ச் தலைமையில் அயோவா படை முழுவதையும் கிழக்கே உள்ள ரயில் பாதைப் பக்கம் திருப்பிவிட்டார். துரத்தி வந்த குதிரைப்படை ஹேட்ச்சின் பின்னால் போய்விட்டது. கையில் மிச்சம் இருந்தது சுமார் 950 பேர். அவர்களுக்கு முன்னால் சார்ஜன்ட் ரிச்சர்ட் சர்பி, தென்படைக்காரர்கள் உடுத்தும் பழுப்பு உடையில் சில ஒற்றர்களோடு போவார். எதிரி உடையில் பிடிபட்டால் தூக்குதான். அது தெரிந்தேதான் அவர்கள் முன்வந்தார்கள். இன்னொரு சிறு பிரிவு கேப்டன் ஹென்றி ஃபார்ப்ஸோடு பக்கவாட்டில் போனது. அவர் முப்பத்துச் சொச்சம் ஆட்களை வைத்துக்கொண்டு என்டர்பிரைஸ் என்ற ஊரின் காவல் படையைச் சரணடையச் சொன்னார். யோசிக்க அவர்கள் ஒரு மணி நேரம் கேட்டார்கள், கொடுத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் குதிரைகளைத் தட்டிவிட்டு மறைந்துவிட்டார்.

ஏப்ரல் 24 காலையில் நியூட்டன் ஸ்டேஷன். விக்ஸ்பர்க்குக்குக் கிழக்கே ஏறக்குறைய 100 மைல். கோட்டைக்குப் போகும் சரக்கு எல்லாம் இந்தத் தண்டவாளத்தில்தான் போக வேண்டும். முன்னால் போன லெப்டினன்ட் கர்னல் பிளாக்பர்ன் தன் ஆட்களை ஸ்டேஷன் கட்டிடங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். கிழக்கிலிருந்து ஒரு சரக்கு ரயில் வந்தது, பிடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேற்கிலிருந்து இன்னொன்று, அதையும் பிடித்தார்கள். வெடிமருந்துப் பெட்டிகள் தீப்பிடித்துக் குண்டுகள் வெடிக்கத் தொடங்கியதும், பின்னால் வந்துகொண்டிருந்த கிரியர்சன் சண்டை மூண்டுவிட்டது என்று நினைத்து மொத்தப் படையையும் விரட்டிக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் எதிரி யாரும் இல்லை, வேலை பாதி முடிந்திருந்தது. தண்டவாளத்தை அழிப்பதற்கும் ஒரு முறை உண்டு. அடியில் கிடக்கும் கட்டைகளைப் பெயர்த்துக் குவித்துத் தீ வைத்து, கம்பிகளை அதன் மேல் குறுக்காகப் போடுவார்கள். நடுப்பகுதி சிவக்கச் சிவக்க இரண்டு முனையும் தன் எடையிலேயே தொங்கிவிடும். வளைந்த கம்பியை நிமிர்த்த உலைக்களம் வேண்டும், அது தெற்கில் அரிது.

அப்புறம்தான் கஷ்டம். வடக்கே திரும்பும் வழிகள் எல்லாம் அடைபட்டுக்கொண்டிருந்தன. கிரியர்சன் தெற்கே தொடர்ந்து போய், மே 2 அன்று லூசியானாவில் வடபடை வசமிருந்த பேட்டன் ரூஜை அடைந்தார். 16 நாள், சுமார் 600 மைல், எதிரி மண்ணின் நடுவே. அவர் பக்கத்துக் கணக்கு: இறந்தவர் 3, காயம் 7, காணாமல் போனவர் 9, வழியில் விட்டுவர வேண்டியிருந்த நோயாளிகள் 5. காயம்பட்டவர்களில் ஒருவர் அந்த பிளாக்பர்ன். கடைசிக்கு முந்தின நாள், டிக்ஃபா ஆற்றில் வால்ஸ் பாலம் என்ற இடத்தில் அவசரப்பட்டு முன்னால் பாய்ந்து குண்டடிபட்டார். அந்தக் காயத்திலேயே பிறகு இறந்துபோனார்.

எதிரி தரப்பில் 100 பேர் வரை இறந்தோ காயம்பட்டோ போனார்கள், 500 பேரைப் பிடித்து, இனிச் சண்டைக்கு வர மாட்டோம் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு விடுவித்தோம், 50 முதல் 60 மைல் ரயில் பாதையும் தந்தியும் அழிந்தன என்கிறது கிரியர்சனின் அறிக்கை. இந்த எண்களை நான் வகுப்பில் எப்போதும் 'கிரியர்சன் சொன்ன கணக்கு' என்றுதான் சொல்வேன். வென்றவர் கொடுக்கும் எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருக்கும், அந்தப் போரில் இரண்டு தரப்புமே அப்படித்தான். தன் பக்கத்து இழப்புக் கணக்கை மட்டும் நம்பலாம், அது பெயர்ப் பட்டியலோடு ஒத்துப்பார்க்கக் கூடியது.

இதன் பலன் என்ன என்பதிலும் உறுதியானதையும் ஐயமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். விக்ஸ்பர்க்கைக் காத்த பெம்பர்டனிடம் குதிரைப்படை ஏற்கெனவே குறைவு, பெரும்பகுதி டென்னசிக்குப் போய்விட்டது. இருந்ததையும் காலாட்படையில் ஒரு பகுதியையும் கிரியர்சனைத் தேடி அனுப்பினார். குறிப்பாக, கோட்டைக்குத் தெற்கே ஆற்றோரம் இருந்த வர்ட் ஆடம்ஸின் குதிரைப்படையையும் இழுத்து அனுப்பினார். ஏப்ரல் 30 அன்று கிராண்ட் அந்தப் பக்கம்தான் புருயின்ஸ்பர்க்கில் கரை ஏறினார், தடுக்க ஆள் இல்லை. இது வரை உறுதி. "கிரியர்சன் இல்லாவிட்டால் விக்ஸ்பர்க் விழுந்திருக்காது" என்று சிலர் எழுதுவது அதிகப்படி. அதே நாட்களில் கிராண்டின் கீழிருந்த தளபதி ஷெர்மன் கோட்டைக்கு வடக்கே ஒரு போலித் தாக்குதல் நடத்தினார், அதற்கும் பங்கு உண்டு. அதிர்ஷ்டமும் இருந்தது. அதே வாரங்களில் அலபாமாவுக்குள் இதே மாதிரி கோவேறு கழுதைகளில் போன கர்னல் ஸ்ட்ரெய்ட்டை, தெற்கின் மிகக் கெட்டிக்காரக் குதிரைப்படைத் தளபதி ஃபாரஸ்ட் துரத்திப் பிடித்துவிட்டார். ஸ்ட்ரெய்ட் சரணடைந்தது மே 3, கிரியர்சன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்கு மறுநாள். ஃபாரஸ்ட் மிசிசிப்பியில் இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

என் மனத்தில் அழியாமல் நிற்பது கடைசி நாள் காட்சி. பேட்டன் ரூஜுக்குச் சில மைல் முன்னால் ஒரு தோட்ட முதலாளியின் வீட்டில் படை நின்றது. ஆட்கள் இறங்கிய இடத்திலேயே விழுந்து தூங்கினார்கள். சிலர் சேணத்தை விட்டு இறங்கவே இல்லை, உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். கிரியர்சனுக்கும் கண் சொருகியது, ஆனால் ஒருவராவது விழித்திருக்க வேண்டும். அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு பியானோ இருந்தது. உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். பதினாறு நாள் தூசியும் சேறும் படிந்த உடுப்போடு பகைநாட்டுத் தளபதி தங்கள் பியானோவில் உட்கார்ந்து வாசிப்பதை அந்த வீட்டார் வாயடைத்துப்போய்ப் பார்த்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். சற்று நேரத்தில் ஒரு சிப்பாய் ஓடிவந்து மேற்கிலிருந்து எதிரி வருகிறான் என்றான். வந்தது எதிரி இல்லை. தூங்கிக்கொண்டே குதிரையில் போன ஒருவன் பேட்டன் ரூஜ் காவல் எல்லைக்குள்ளேயே போய்விட்டான். அவன் சொன்னதை நம்பாமல் நேரில் பார்க்க வந்த சொந்தப் படைக்காரர்கள்தான் அவர்கள்.

அன்று நகரத்துக்குள் போன ஊர்வலத்தின் வாலில் நூற்றுக்கணக்கான கறுப்பின மக்கள் நடந்து வந்தார்கள். தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள், படை போகும் வழியில் சேர்ந்துகொண்டவர்கள். எந்தப் பாலம் இருக்கிறது, எந்தச் சாலையில் காவல் என்று வழி நெடுக அவர்கள் சொன்ன தகவல்கள் இந்தப் பயணத்துக்கு எவ்வளவு உதவின என்பதைப் பழைய நூல்கள் சரியாகப் பேசவில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது.

ஒரு சின்னத் திருத்தம். இந்தப் பயணத்தின்போது அவர் ஜெனரல் இல்லை, கர்னல். 1863 ஜூனில்தான் தன்னார்வப் படையின் பிரிகேடியர் ஜெனரல் ஆனார், போர் முடிந்தபின் தன்னார்வப் படையின் மேஜர் ஜெனரல். 'தன்னார்வப் படை' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது போருக்காகத் திரட்டிய படை, போர் முடிந்தால் கலைந்துவிடும், பதவியும் அதோடு போய்விடும். நிரந்தர ராணுவத்தின் பதவி வேறு. 1866இல் மேஜர் ஜெனரலாக வெளியே வந்தவர், அதே வருடம் நிரந்தர ராணுவத்தில் கர்னலாக உள்ளே போனார். அவருக்கு மட்டும் நடந்ததல்ல இது, கஸ்டருக்கும் அப்படித்தான். வித்தியாசம், கிரியர்சன் எந்தப் படைக்குக் கர்னல் ஆனார் என்பதில் இருக்கிறது.

அதற்கு முன் அவருடைய தோல்வியையும் சொல்லிவிடுகிறேன். 1864 ஜூன் 10 அன்று மிசிசிப்பியின் பிரைசஸ் கிராஸ்ரோட்ஸில், ஸ்டர்ஜிஸ் என்ற ஜெனரலின் கீழ் கிரியர்சன் குதிரைப்படையை நடத்தினார். ஏறக்குறைய 8,000 பேர் கொண்ட அந்தப் படையை, அதைவிட வெகு குறைந்த ஆட்களோடு ஃபாரஸ்ட் சிதறடித்தார். பழி பெரும்பாலும் ஸ்டர்ஜிஸ் மேல் விழுந்தது, நியாயமும் அதுதான். ஆனால் நேருக்கு நேர் மோதலில் கிரியர்சன் ஃபாரஸ்ட்டுக்கு இணை என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய திறமை வேறு மாதிரி. அந்த வருடக் கடைசியில் மறுபடி மிசிசிப்பி ரயில் பாதைகள் மீது குளிர்காலத்தில் ஒரு படையெடுப்பு நடத்தி வென்றார்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1866இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, நிரந்தர ராணுவத்தில் முதல் முறையாகக் கறுப்பின வீரர்களுக்கென இரண்டு குதிரைப்படை ரெஜிமென்ட்களை உருவாக்கியது, 9ஆவது, 10ஆவது. வீரர்கள் கறுப்பர், அதிகாரிகள் வெள்ளையர், சம்பளம் மாதம் 13 டாலர். 10ஆவது குதிரைப்படையின் கர்னலாக கிரியர்சன் வந்தார். 9ஆவதற்கு வந்தவர் யார் தெரியுமா? மிசிசிப்பியில் அயோவா படையோடு கிழக்கே திரும்பி எதிரியை இழுத்துப்போன அதே எட்வர்ட் ஹேட்ச். ஒரே பயணத்தில் போன இரண்டு கர்னல்கள், இரண்டு கறுப்பினக் குதிரைப்படைகள். இருவரும் வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியில் படித்தவர்கள் இல்லை.

10ஆவது படையைத் திரட்டிய இடம் கேன்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் லெவன்வொர்த். அந்த முகாமின் தலைவர் ஹாஃப்மனுக்குக் கறுப்பு வீரர்கள் என்றால் ஆகாது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் அவர்களுக்குக் கூடாரம் போட இடம் கொடுத்தார். வீரர்கள் நோயில் விழுந்தார்கள். அணிவகுப்பில் வெள்ளைப் படைக்குப் பக்கத்தில் வரக் கூடாது, தள்ளி நிற்க வேண்டும் என்று உத்தரவிட்டார். ஆவணங்களில் படையின் பெயருக்குப் பின்னால் 'கறுப்பர்' என்று எழுத வேண்டும் என்றார். கிரியர்சன் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் சண்டை போட்டார். தன் ரெஜிமென்ட்டின் பெயர் 10ஆம் குதிரைப்படை, வேறு எதுவும் இல்லை என்று கம்பெனித் தலைவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடம் சரியில்லை என்றதும் 1867இல் ரெஜிமென்ட்டையே ஃபோர்ட் ரைலிக்கு மாற்றிக்கொண்டு போனார்.

இந்த வீரர்களைத்தான் பிற்பாடு 'எருமை வீரர்கள்' என்று அழைத்தார்கள். இதிலும் ஒரு எச்சரிக்கை. பூர்வகுடிகள் கொடுத்த பெயர், முடியைப் பார்த்து வைத்தார்கள், வீரத்தைப் பார்த்து வைத்தார்கள், எருமைத் தோல் கோட்டைப் பார்த்து வைத்தார்கள் என்று பல விளக்கங்கள் உண்டு. எந்த இனத்தார் வைத்தார்கள் என்பதிலேயே ஒற்றுமை இல்லை. 1870களின் தொடக்கத்திலிருந்து அந்தச் சொல் எழுத்தில் கிடைக்கிறது, ஆனால் அந்த வீரர்களே எழுதிய கடிதங்களில் பெரும்பாலும் காணோம். எனவே ஏதாவது ஒரு விளக்கத்தை யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

1869இல் இன்றைய ஓக்லஹோமாவில் ஃபோர்ட் சில் முகாம் தொடங்கியது. அதன் கல் கட்டிடங்களை எழுப்பியவர்கள் 10ஆம் படை வீரர்கள்தான். அங்கே கயோவா, கமாஞ்சி என்ற பூர்வகுடி மக்களிடம் முதலில் பேசிப் பார்ப்போம் என்பதே கிரியர்சனின் வழி. ஜனாதிபதி கிராண்ட் கொண்டுவந்த சமாதானக் கொள்கையை, குவேக்கர் மதத்தைச் சேர்ந்த அரசு முகவர் லாரி டேட்டமோடு சேர்ந்து மனதார நடத்தினார். எல்லைப்புற டெக்சஸ்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. மேலே இருந்த ஷெரிடனுக்கும் பிடிக்கவில்லை. 1871 மே மாதம் டெக்சஸில் ஒரு வண்டித் தொடரைக் கயோவாக்கள் தாக்கி ஏழு பேரைக் கொன்றார்கள். சில நாள் கழித்து, கிரியர்சன் வீட்டுத் தாழ்வாரத்தில், அப்போது ராணுவத்தின் தலைமைத் தளபதியாகிவிட்ட ஷெர்மன் உட்கார்ந்திருக்க, கயோவாத் தலைவர் சட்டாண்டா தானே அந்தத் தாக்குதலை நடத்தியதாகச் சொன்னார். ஷெர்மன் கைது செய்யச் சொன்னார். ஜன்னல் கதவுகள் திறந்தன, உள்ளே துப்பாக்கியோடு 10ஆம் படை வீரர்கள். இரண்டு பக்கமும் ஆயுதங்கள் தூக்கப்பட்ட அந்தச் சில நிமிடங்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். யார் யாருடைய துப்பாக்கியைப் பிடித்தார் என்பதில் சத்தியம் செய்ய முடியாது. அந்தத் தாழ்வாரத்தில் ரத்தம் சிந்தவில்லை என்பது மட்டும் உறுதி. மூன்று தலைவர்கள் கைதானார்கள். அவர்களில் முதியவரான சட்டாங்க், விசாரணைக்குக் கொண்டுபோகும் வழியில் தப்ப முயன்று சுடப்பட்டார்.

டெக்சஸில் 1875 முதல் 1882 வரை ஃபோர்ட் கான்சோவில் ரெஜிமென்ட் தலைமையகம். சுமார் 1,000 மைல் வண்டிப் பாதையும் 300 மைல் தந்தி வரியும் அந்தக் காலத்தில் அவருடைய ஆட்கள் போட்டவை. 1878இல் அந்த முகாமிலேயே அவருடைய 13 வயது மகள் ஈடித் டைபாய்டில் இறந்தாள். ஃபோர்ட் கான்சோ வீட்டைப் பற்றி எழுதும் எவரும் அவள் இறந்த மாடி அறையைத் தாண்டிப் போக முடிவதில்லை.

1880இல் அப்பாச்சித் தலைவர் விக்டோரியோ வந்தார். தன் மக்களின் ஊரான ஓஹோ காலியெண்டேவை விட்டு, வறண்ட சான் கார்லோஸுக்குப் போகச் சொன்னதை ஏற்காமல் வெளியேறியவர். மற்ற தளபதிகள் அவரைப் பாலைவனத்தில் துரத்திக் குதிரைகளைக் கொன்றதுதான் மிச்சம். கிரியர்சன் துரத்தவே இல்லை. மேற்கு டெக்சஸில் கோடையில் தண்ணீர் கிடைக்கும் இடங்கள் எவை என்று கணக்கெடுத்தார், அங்கெல்லாம் ஆட்களை உட்காரவைத்தார். ஜூலை 30 அன்று டினாஹா டெ லாஸ் பால்மாஸ் என்ற சுனையருகே, கையில் ஒரு கைப்பிடி ஆட்கள் மட்டும் இருக்கும்போதே விக்டோரியோ அந்தப் பக்கம் வருவது தெரிந்தது. கூட இருந்தவர்களில் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய 19 வயது மகன் ராபர்ட். கிரியர்சனுக்கு வயது 54. நகர மாட்டேன் என்று பாறை மேட்டில் கல்லை அடுக்கி அரண் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உதவிப்படை வரும் வரை தாங்கினார்கள். ஒரு வாரம் கழித்து ஆகஸ்ட் 6 அன்று ராட்டில்ஸ்னேக் ஸ்பிரிங்ஸுக்கு, 21 மணி நேரத்தில் 65 மைல் ஓட்டி விக்டோரியோவை முந்திக்கொண்டு போனார். தண்ணீர் கிடைக்காமல் விக்டோரியோ மெக்சிகோவுக்குத் திரும்பினார். அக்டோபரில் ட்ரெஸ் காஸ்டியோஸில் மெக்சிகோப் படை அவரையும், கூட இருந்த பலரையும் கொன்றது. பெண்களும் குழந்தைகளும் பிடித்துச் செல்லப்பட்டார்கள்.

இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்கும். துப்பாக்கியைவிடத் தண்ணீரை வைத்துப் போர் செய்வது மென்மையானது என்று தோன்றலாம். தாகத்தில் தவித்தவர்களுக்கு அது மென்மையாக இருந்திருக்காது. கிரியர்சன் பூர்வகுடிகள் மீது இரக்கம் உள்ளவர்தான், அவருடைய கடிதங்களில் அது தெரிகிறது. பிற்பாடு நியூ மெக்சிகோவில் ஹிக்கரியா அப்பாச்சிகள் தங்கள் நிலத்துக்குத் திரும்புவதற்கும் துணைநின்றார். ஆனாலும் அந்த மக்களின் நிலத்தைப் பறித்த அரசின் கைதான் அவர். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்பாச்சிகள் தரப்பு பெரும்பாலும் வாய்மொழியாக வந்தது, அதை மூலத்தில் கேட்டறிந்தவன் இல்லை நான்.

பதவி உயர்வுக்கு வருவோம். 1866இல் கர்னல் ஆனவர் 1890 வரை கர்னல். ஏப்ரல் 5 அன்று பிரிகேடியர் ஜெனரல் ஆனார், ஜூலை 8 அன்று, 64ஆவது பிறந்தநாளில், ஓய்வு. நிரந்தர ராணுவத்தில் அவர் ஜெனரலாக இருந்தது மூன்று மாதம். வெஸ்ட் பாயிண்ட் போகாததுதான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அது மட்டும் போதாது. நெல்சன் மைல்ஸும் வெஸ்ட் பாயிண்ட் போகாதவர்தான், 1880லேயே ஜெனரல் ஆகிவிட்டார். ஷெரிடனின் அதிருப்தி ஒரு காரணம். பெரிய சண்டை, பெரிய பிணக்குவியல், பத்திரிகைத் தலைப்பு எதுவும் இல்லாத வெற்றிகள் இன்னொரு காரணம். நான் ஒவ்வொரு வருடமும் மேற்கு டெக்சஸின் ட்ரான்ஸ்-பெகோஸ் பகுதி வரைபடத்தில் சுனைகளைப் புள்ளி வைத்து முடித்ததும், யாராவது ஒரு பையன் "சார், அப்ப அவர் எத்தனை பேரைக் கொன்றார்?" என்று கேட்பான். அன்றைய வாஷிங்டனும் அதையேதான் கேட்டது. மூன்றாவது காரணம், கறுப்பின வீரர்களின் தலைவர் என்ற முத்திரை. இதை நிரூபிக்க எந்த உத்தரவுத் தாளும் கிடையாது, அதனால் என் கணிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஹேட்ச்சைப் பாருங்கள். 23 வருடம் 9ஆம் படையின் கர்னல், 1889இல் கர்னலாகவே இறந்தார். இருவருக்கும் ஒரே மாதிரி நடந்ததைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹென்றி ஃபிளிப்பர் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெஸ்ட் பாயிண்ட்டில் தேறிய முதல் கறுப்பர், 1877இல் 10ஆம் படைக்கு அதிகாரியாக வந்தார். 1881இல் ஃபோர்ட் டேவிஸில் வேறொரு கர்னலின் கீழ் இருந்தபோது பணக் கையாடல் குற்றச்சாட்டில் ராணுவ நீதிமன்றம் நடந்தது. கையாடல் குற்றம் நிற்கவில்லை, ஆனாலும் அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று சொல்லி வெளியேற்றினார்கள். கிரியர்சன் அவருக்கு ஆதரவாக நற்சான்று எழுதிக்கொடுத்தார். பலனில்லை. ஃபிளிப்பருக்கு முழு மன்னிப்பு வந்தது 1999இல், இறந்து 59 வருடம் கழித்து.

1888இல் ஆலிஸ் இறந்தார். அதே வருடக் கடைசியில் அரிசோனாவில் மேல் பொறுப்பு வந்ததால், 22 வருடம் நடத்திய ரெஜிமென்ட்டை கிரியர்சன் விட்டுப் போக வேண்டியிருந்தது. பிரிவு உத்தரவில், வீரர்கள் பட்ட கஷ்டத்துக்கும் நாட்டுக்குச் செய்த வேலைக்கும் இன்றில்லாவிட்டாலும் என்றாவது உரிய மதிப்பு வந்தே தீரும் என்று எழுதினார். 1911 ஆகஸ்ட் 31 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஒமீனாவில் இறந்தார். முன்பு பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஜாக்சன்வில்லில்தான் அடக்கம். ஹாஃப்மன் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கூடாரம் போடவைத்த அதே ஃபோர்ட் லெவன்வொர்த்தில், 1992 ஜூலையில், குதிரை மேல் அமர்ந்த ஒரு கறுப்பின வீரனின் வெண்கலச் சிலையைத் திறந்தார்கள். திறந்துவைத்தவர் அப்போது அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவராக இருந்த கோலின் பவல்.